ரவை

பத்திரத்தில் அந்த இடத்துக்குப்
பன்னிப்பாறைக் காடு என்று பெயர்.
தாண்டிக்குடிக்குக் கீழே, ஒன்றேகால் ஏக்கர்.
முன்பு வைத்திருந்தவர்கள்
காப்பிக்கு வாங்கவில்லை, துப்பாக்கிக்கு வாங்கினார்கள்.
சனிக்கிழமை ராத்திரி மதுரையிலிருந்து ஜீப் வருமாம்.
தண்ணீர்க் குழிக்கு நேர் மேலே
பலாமரத்தில் பரண்.
பரண் போய்விட்டது. நாலு ஆணிகளை
மரம் பாதி விழுங்கி வைத்திருக்கிறது.

நான் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில்
இருபத்தெட்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவள்.
ஓய்வுப் பணம் வந்த கையோடு
பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு மரவீடு போதும் என்றேன்,
கட்டில், அடுப்பு, உள்தாழ்ப்பாள்.
"ஜன்னல் எந்தப் பக்கம்?" என்றார் மொக்கராசு ஆசாரி.
பிறகு சொல்கிறேன் என்றேன்.

சிமெண்டு இன்னாசியின் குதிரைகள் மேல் வந்தது,
குதிரைக்கு இரண்டு மூட்டை.
மூன்றாம் நாள் சாம்பல் குதிரை
ஓடையைத் தாண்டமாட்டேன் என்று நின்றுவிட்டது.
இன்னாசி குனிந்து காட்டினான்,
ஆவி அடங்காத காட்டுமாட்டுச் சாணி.
"இது அதுங்க தடம்க்கா. நீங்க நட்ட குச்சி
நடுரோட்டுல நிக்குது."
குச்சியைப் பிடுங்கி ஒன்பது அடி தள்ளி நட்டோம்.
ஆசாரி நூலை அவிழ்த்து மறுபடி கட்டினார்.
அதற்குத் தனிக்கூலி கேட்கவில்லை,
முணுமுணுத்தார்.

கடைக்கால் தோண்டினால் பித்தளை.
முதலில் ஒன்று, பிறகு கைநிறைய,
சுட்டு முடித்த தோட்டாக்களின் அடிப்பாகம்.
சாயங்காலத்துக்குள் ஒரு பெயிண்ட் டப்பா நிறைந்தது.
யாருக்கு வேண்டும் அது?
அஸ்திவாரத்திலேயே கொட்டி மூடச் சொன்னேன்.

மறுநாள் மதியம் உப்புமா கிண்டினேன்.
தட்டை நீட்டினால் கும்பிடுகிறார் ஆசாரி:
"ரவை வேணாம்மா. ஏற்கனவே ஏழு உள்ள கெடக்கு."
அவரே சிரித்து
இடது தொடையைத் தட்டிக் காட்டினார்.

முகம் ஞாபகம் வரவில்லை.
முகங்களை நான் சரியாகப் பார்த்ததில்லை.
மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க,
சொல்லிவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய்விடுவேன்.
படம்தான் வந்தது,
கிளிப்பில் சொட்டச் சொட்டத் தொங்கியபடி:
தொடை எலும்பைச் சுற்றி ஏழு வெள்ளைப் புள்ளி.
கூட வந்தவர் சலவை வேட்டி.
மரத்திலிருந்து விழுந்துட்டான் என்றார்.
பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் உண்டு.
மரத்திலிருந்து விழுந்தார், என்று எழுதினேன்.
என் கையெழுத்து அப்போது அழகாக இருக்கும்.

"எங்க நடந்தது?"
"இங்கதான். வெறகு பொறுக்கக் குனிஞ்சிருந்தேன்.
பன்னின்னு நெனச்சுட்டாங்க."
அப்புறம் தட்டை வாங்கித் தின்றார்.
உப்பு குறைவு என்றார்.

பலகை அடிக்கும் நாளும் வந்தது.
தண்ணீர்க் குழிப் பக்கம் ஜன்னல் வைத்தால்
படுத்தபடியே எல்லாம் தெரியும்,
மிளா, கேளையாடு, அந்தியில் இறங்கும் காட்டுமாடு.
பரணில் இருந்தவனுக்கும்
இப்படித்தான் தெரிந்திருக்கும்.
ஆசாரி காதில் பென்சிலோடு காத்து நிற்கிறார்.
அந்தப் பக்கம் பலகையே போதும் என்றேன்.
"ஏம்மா, அங்கதான பார்க்க நல்லா இருக்கும்?"
மேற்கில் வைத்தோம்.
அங்கே பார்க்க இன்னாசியின் மாமனாருடைய
வாழைத்தோப்பு தவிர ஒன்றுமில்லை.

முதல் ராத்திரி. தகரக் கூரையில் பனி
சொட்டுவதும் நிற்பதுமாக.
இரண்டு மணி இருக்கும்.
தலைமாட்டுப் பலகைக்கு அந்தப் பக்கம்
ஒரு பெரிய மூச்சு.
சில்வர் ஓக், முக்கால் அங்குலம்,
அவ்வளவுதான் நடுவில்.
பலகை லேசாக முனகியது.
நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன்.
அசையவில்லை.
இனி விடலாம் என்று சொல்ல
சுவருக்குப் பின்னால் ஆளில்லை.

விடிந்ததும் பாக்கிக் கூலிக்கு ஆசாரி வந்தார்.
பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு
அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொல்ல
வாயெடுத்தேன்.
அவர் மூலைக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆள் உயரத்துக்குச் சேறு,
அதில் ஒட்டிய நாலைந்து கறுப்பு முடி.
"ஒரசிப் பார்த்திருக்கு," என்றார்,
கையால் கம்பத்தை ஒருமுறை ஆட்டிவிட்டு,
"நிக்கும்மா."